இத்தாலிக்காரியின் அப்பா

நுவரெலியாவில் அது சீசன் மாதம். என்னை ஏற்றிவந்த கார், கிளப்பின் முன்வாசலில் நின்றதும் குடையோடு ஒருவர் படியிறங்கி ஓடி வந்தார். கிளப்பின் செயலாளர். மழையே பெய்யாதபோது குடை எதற்கு என்று கேட்காதீர்கள். பெரிய மனிதர்கள் வந்து இறங்கினால் குடை பிடிக்க வேண்டும் என்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே அங்கே வழக்கம்.

கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாகக் காருக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே என் கம்பளிச் சால்வை மட்டும்தான் கிடந்தது.

“மேடம் பின்னால் வருகிற காரிலா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“பின்னால் கார் எதுவும் வரவில்லை.”

“அப்படியானால், மேடம் மரியா அரொக்கி?”

“நான்தான்.”

அவர் குடையை மெதுவாக நகர்த்தித் தன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

“மன்னிக்க வேண்டும். லண்டனிலிருந்து ஓர் இத்தாலியப் பெண்மணி பியானோ வாசிக்க வருகிறார் என்று கமிட்டியில்...” என்று இழுத்தார். “உங்களுக்கு இத்தாலியில் எந்தப் பக்கம்?”

“கொட்டகலைப் பக்கம்.”

“ஓ. கொட்டகலையில் எந்த பங்களா?”

“பங்களா இல்லை. லயம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடு.”

அவர் குடையை மடக்கினார். கச்சேரியை நிறுத்த முடியாது. பிரதம விருந்தாளியாக மந்திரி ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நகரத்து மருந்துக் கடைகளில் காதுவலிக்கு விற்கிற ஆலிவ் எண்ணெய்ச் சிறு போத்தல்களை ஒன்று விடாமல் வாங்கி, கிளப் சமையல்காரர் எனக்காக இத்தாலியச் சாப்பாடு செய்துவைத்திருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. நல்ல மனிதர். அன்று கிளப் முழுவதும் காதுவலி மருந்து வாசனை.

ஆரோக்கியமேரி அரொக்கியான விதம்

என் பெயர் ஆரோக்கியமேரி. அப்பா பெயர் சூசை. தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்தை வாட்டுகிற மேல்மாடியில் அவருக்கு வேலை. அம்மா லூர்து, மலையில் கொழுந்து பறித்தாள். இந்த மூன்று பெயரில் எதுவும் இத்தாலியப் பெயர் இல்லை.

லண்டனில் என் கச்சேரிகளை ஏற்பாடு செய்த ஏஜெண்ட், முதல் சுவரொட்டி அடிக்கிறபோது என் பெயரைக் கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அச்சாகி வந்தபோது ‘மரியா அரொக்கி’ என்று இருந்தது.

“இது என் பெயர் இல்லையே” என்றேன்.

“சுவரொட்டியின் அகலம் அவ்வளவுதான்” என்றார்.

பியானோ வாசிப்பவர்களுக்கு விரல் நீளமாக இருக்க வேண்டுமா என்று போன வாரம் இந்தப் பத்திரிகையின் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். விரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அம்மா. பெயர் நீளமாக இருக்கக் கூடாது.

பிள்ளைக்காம்பராவில் பியானோ

சுதந்திரம் கிடைத்த கையோடு எங்கள் பெரிய துரை மூட்டை கட்டிவிட்டார். துரைசானியின் பியானோவைக் கப்பலில் ஏற்ற முடியவில்லை. புதிதாக வந்த துரைக்கு அந்த மூலையில் சாராயப் போத்தல் அடுக்க அலமாரி தேவைப்பட்டது. ஆகவே, பியானோவைத் தோட்டத்து மக்களுக்கு அன்பளிப்பாகத் தருவதாகப் பெரட்டில் அறிவித்தார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற சனம், கூலியைத்தான் கூட்டப்போகிறார்கள் என்று நினைத்துக் கை தட்டியது.

இருபது பேர் மூங்கில் கட்டித் தூக்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அது உள்ளே “டொய்ங்” என்று முனகும். “யாருப்பா உள்ள? எறங்கி நடக்கச் சொல்லு!” என்று ஒருவர் கத்துவார். பள்ளிக்கூட வாசலில் அது நுழையவில்லை. கோயிலில் நுழைந்திருக்கும், ஆனால் மாதா சுரூபத்தை நகர்த்த வேண்டும் என்றதும் எல்லோரும் பயந்துவிட்டார்கள். கடைசியில் இரட்டைக் கதவு இருந்த ஒரே கட்டடம் பிள்ளைக்காம்பராதான். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம்.

அப்போது நான் கன்னியாஸ்திரிகளின் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பூசைக்கு ஆர்மோனியம் வாசிக்க ஆள் தேவைப்பட்டதால் என்னை வைத்துக்கொண்டார்கள். பியானோ பாடமும் அங்கேதான். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் பயிற்சி பிள்ளைக்காம்பராவில். தூளிகள் பத்துப் பதினைந்து தொங்கும். அவற்றை ஆட்டுகிற ஆயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்:

“இந்தா பாரு, நீ என்னத்த வேணா தட்டு. ஒரு புள்ள முழிச்சாலும் நீதான் தூக்கி வச்சுக்கணும்.”

அதனால் மெதுவாக, மிக மெதுவாக வாசிக்கப் பழகினேன். ஒரு பக்கம் முழுவதையும் ஒரு பிள்ளைகூடப் புரண்டு படுக்காமல் வாசித்துவிட்டால் அன்று வெற்றி. பல வருடம் கழித்து லண்டன் விமர்சகர் ஒருவர், என் வாசிப்பில் ‘கிழக்கு நாடுகளின் ஆழ்ந்த தியான மௌனம்’ இருப்பதாக எழுதினார். நான் அவருக்குக் கடிதம் எழுதி, அது தியானம் இல்லை, தூளி என்று விளக்கினேன். அடுத்த விமர்சனத்தில் அவர் அதைக் ‘கோயில் ஊஞ்சல்’ என்று மாற்றிக்கொண்டார்.

துக்கத்துக்குப் பன்னிரண்டு மாதம்

லண்டன் சங்கீதப் பரீட்சை என்று ஒன்று வருடா வருடம் நடக்கும். அங்கிருந்தே ஒரு வெள்ளைக்காரர் கப்பலில் வந்து இறங்கி, கண்டியில் உட்கார்ந்து, நாங்கள் வாசிப்பதைக் கேட்டு மார்க் போடுவார். கடைசிப் பரீட்சையில் எனக்கு லண்டனில் படிக்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக் கொண்டாடினார்கள்.

பாஸ்போர்ட் கேட்டுப் போனால், “நீ எந்த நாட்டுக்காரி?” என்றார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டம் தோட்டத்து ஆட்களை எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆக்கிவைத்திருந்தது. நான் இந்த மலையில் பிறந்தவள். அது போதாது. இங்கேயே இடைவிடாமல் இருந்தோம் என்று காகிதம் காட்டி மனுப் போட வேண்டும். மனு முன்பே போட்டிருந்தோம். வருடங்கள் கழித்து இப்போதுதான் ஹட்டனில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவின் பெயர் அப்பாவின் மனுவிலேயே இருந்தது, எனக்குத் தனி மனு.

விசாரணை அதிகாரி சிங்களவர், வயதானவர், இருமிக்கொண்டே இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தமிழும் பேசுவார். அப்பா, தோட்டத்து ஆபிசில் கெஞ்சி வாங்கிவந்த செக்ரோல் நகல்களை, அவர் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் பதிந்த தாள்களை, மேசைமேல் அடுக்கினார். அந்தக் கட்டு என் பியானோ புத்தகங்கள் எல்லாவற்றையும்விட உயரமாக இருந்தது.

அதிகாரி புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இங்கே பதினாலு மாசம் ஒங்க பேரு இல்லையே?”

“இந்தியாவுக்குப் போனேனுங்க, மாத்தியா. எங்காத்தா செத்துப் போச்சு. காரியம் முடிஞ்சதும் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டேன்.”

“பன்னெண்டு மாசத்துக்கு மேல வெளியில இருந்தா இங்கே இருந்ததா கணக்கு இல்ல.”

“அப்புறம் இருந்திருக்கேனே, மாத்தியா. அதுக்கு முன்னாடியும் இருந்திருக்கேன்.”

“அது சரி. ஆனா சட்டத்துல பன்னெண்டு மாசத்துக்குள்ளதான் துக்கம் முடியணும்” என்று மிகுந்த அனுதாபத்தோடு சொன்னார்.

அடுத்து நான். என்னிடம் செக்ரோல் ஏது? லண்டன் பரீட்சைச் சான்றிதழ்கள்தான் இருந்தன, வருடத்துக்கு ஒன்றாக. ஒவ்வொன்றிலும் பெரிய சிவப்பு முத்திரை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். இருமல்கூட நின்றுவிட்டது.

“என் மகள் இதில் மூன்றாம் தரத்தில் இரண்டு தடவை தோற்றாள்” என்றார் திடீரென்று ஆங்கிலத்தில். “நீ எட்டாம் தரத்தில் விசேட சித்தியோடு தேறியிருக்கிறாய். எந்தக் கையில் சுரம் பிசகும் உனக்கு?”

“இடது கையில்.”

“அவளுக்கும்தான்” என்று பெருமூச்சு விட்டார். “இதையெல்லாம் பொய்யாக வாங்க முடியாது என்பது ஒரு தகப்பன் என்ற முறையில் எனக்குத் தெரியும்.”

நான் இலங்கைப் பிரஜை ஆனேன். வருடத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், ஒரு வெள்ளைக்காரருக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததற்குச் சாட்சி இருந்தது. அப்பாவும் அம்மாவும் பிரஜை ஆகவில்லை. அவர்கள் உழைத்ததற்குத்தான் சாட்சி இருந்தது.

முடிவு வந்த கடிதங்களை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். என்னுடையதைக் கிழித்துப்போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

“பைத்தியமா ஒனக்கு? நீ கிழிச்சுப் போட்டா அந்தத் துண்ட ஒட்டி எனக்குக் குடுத்துருவானா? போயிட்டு வா தாயி.”

போனேன். போயிருக்கக் கூடாதோ என்று தோன்றாத நாள் இல்லை.

குளிர் தேசத்துப் பியானோ ஆசிரியை

லண்டனில் படித்தேன், வாசித்தேன், பிழைத்தேன். சேலை கட்டினால்தான் டிக்கெட் விற்கும் என்றார் ஏஜெண்ட். கட்டினேன். சேலை கட்டி மிதிகட்டையை மிதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்த விமர்சகரும் எழுதவில்லை. முந்தானையின் நிறத்தைப் பற்றி நாலு வரி எழுதினார்கள்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பியானோ ஆசிரியர் வேலைக்கு மனுச் செய்தபோது, நேர்காணலில் ஐந்து பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒன்றரை மணி நேரம் வாசித்தேன். முடிந்ததும் மூத்தவர் கேட்டார்:

“ஐரோப்பிய இசையை ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக் கொடுப்பது அவர்களுக்குக் குழப்பமாக இருக்காதா?”

“எங்கள் ஊர்த் தேயிலையை உங்களுக்கு எப்படிக் குடிப்பது என்று யாரும் வந்து சொல்லித் தரவில்லையே. குழப்பமில்லாமல்தானே குடிக்கிறீர்கள்?” என்றேன்.

வேலை கிடைத்தது. என் பதிலுக்காக இல்லை. மற்ற இரண்டு விண்ணப்பதாரர்களும் அந்தக் குளிருக்கு வர மறுத்துவிட்டார்கள்.

மாணவர்கள் நல்ல பிள்ளைகள். சத்தமாக வாசித்தால் திறமை என்று நம்பினார்கள். “பக்கத்து அறையில் பத்துக் குழந்தைகள் தூங்குகின்றன என்று நினைத்து வாசி” என்பேன். மிரண்டு போய் வாசிப்பார்கள். அதில் இரண்டு பேர் பிற்பாடு பெரிய மேடைகளுக்குப் போனார்கள்.

ஆனாலும் ஊர் இழுத்தது. அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்தில் இசைத் துறை தொடங்கப்போகிறார்களாம். பியானோ பிரிவுக்கு நான் வர முடியுமா? சீசனில் நுவரெலியாவில் ஒரு கச்சேரி செய்தால், வருகிற மந்திரி மேடையிலேயே அறிவித்துவிடுவார். நான் பெட்டியைக் கட்டினேன்.

முன்வரிசையில் இரண்டு நாற்காலி

இதோ, குடை பிடித்த செயலாளரிடம் திரும்பி வந்துவிட்டோம்.

நான் கிளப்புக்கு ஒரே ஒரு நிபந்தனை எழுதியிருந்தேன். முன்வரிசையில் என் பெற்றோருக்கு இரண்டு நாற்காலி. வைத்திருந்தார்கள். அட்டையில் இத்தாலிய மரியாதையோடு, அழகான எழுத்தில் ‘சின்யோர் அரொக்கி’, ‘சின்யோரா அரொக்கி’ என்று எழுதிக் கட்டியிருந்தார்கள்.

பின்னேரம் நாலு மணிக்குக் கச்சேரி. மூன்றே முக்காலுக்குச் சின்யோரும் சின்யோராவும் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார்கள். அப்பா கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும். அம்மா வாயில் வெற்றிலை. வாசலில் நின்ற செயலாளர் பழக்க தோஷத்தில் சமையற்கட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

அம்மா நின்று, “எம் மக வாசிக்கிறது அடுப்படியிலயா?” என்று கேட்டாள்.

நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். செயலாளர் முகம் சிவந்து, அம்மாவுக்கு நாற்காலியைத் தானே இழுத்துவிட்டார். துரைமாரும் துரைசானிகளும் அட்டையையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பியானோவுக்கு நுவரெலியா ஈரம் ஏறியிருந்தது. நடுவில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழுந்துவராது. வாசிக்க வாசிக்க இடது கைச் சுண்டுவிரலால் அவற்றை நெம்பிவிட்டுக்கொண்டே போனேன். கேட்டவர்கள் அதைப் புது நுட்பம் என்று நினைத்திருப்பார்கள். அம்மா முதல் பாதியிலேயே தூங்கிப்போனாள். அதைவிட எனக்கு என்ன பாராட்டு வேண்டும்? அப்பா மட்டும் முதுகு நிமிர்ந்து, முழங்காலில் கை வைத்து, படம் பிடிக்க உட்கார்ந்தவர் மாதிரி அசையாமல் கேட்டார்.

முடிந்ததும் நான் இறங்கி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, மந்திரி மேடையேறி ஆங்கிலத்தில் பேசியதை அவர் காதில் தமிழில் சொன்னேன். நான் இந்த மண்ணின் மகள், இந்த மலைகளின் பெருமை, லண்டன் வரை இலங்கையின் கொடியை ஏற்றியவள். கை தட்டினார்கள். பல்கலைக்கழக விஷயத்தைத் தொடப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ உற்சாகத்தில், “இந்த மகளை நாட்டுக்குத் தந்த தந்தையும் மேடைக்கு வரட்டும், இரண்டு வார்த்தை பேசட்டும்!” என்றுவிட்டார்.

அப்பா ஏறினார். மந்திரிக்குக் கும்பிடு போட்டார். மொழிபெயர்க்கச் செயலாளர் ஒலிபெருக்கியருகே வந்து நின்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் தோட்டக்காரரை விரட்டுகிற தமிழ். அப்பா பேசினார்:

“ரொம்ப சந்தோசமுங்க. எம் மகள ஒங்க மண்ணோட மகள்னு சொன்னீங்க. அந்த மண்ணுல அவளப் பெத்தது நானும் எம் பொஞ்சாதியுந்தாங்க. எங்கள மட்டும் இந்த மண்ணு இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. மகள வச்சுக்கிட்டு அப்பனத் திருப்பி அனுப்புறது என்ன நாயம்னு எனக்கு வெளங்கலீங்க. மத்தபடி நீங்க நல்லாப் பேசுனீங்க.”

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். “தாம் மிகவும் சந்தோஷமாக இருப்பதாகவும், மந்திரி நன்றாகப் பேசியதாகவும் சொல்கிறார்” என்றார்.

முதல் வரியும் கடைசி வரியும் சரிதான். நடுவில் இருந்ததைத்தான் காணோம். பெரிய கைதட்டல். மந்திரி அப்பாவின் தோளில் தட்டினார். அப்பா, தன் கேள்விக்குத்தான் இவ்வளவு பேர் கை தட்டுகிறார்கள் என்று நினைத்து, கண் கலங்கிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஒலிபெருக்கியைப் பிடித்தேன். அவர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் வாசித்த எந்தச் சபையும் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. தேநீர்க் கோப்பை ஒன்றுகூடத் தட்டில் உரசவில்லை.

மந்திரி, “இதை நான் கவனிக்கிறேன்” என்றார். பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இறங்கிப்போனார்.

கவனிக்கவும் செய்தார். ஆறு வாரம் கழித்து அவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேற்படி சூசை என்பவர் என் தகப்பனார்தான் என்பதற்கு அத்தாட்சி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கொழும்பு இசைத் துறைக்குக் கட்டடம் தயாராகவில்லை என்று இன்னொரு கடிதமும் வந்தது. அந்தக் கட்டடம் பிறகு எந்த வருடமும் தயாராகவில்லை.

கச்சேரியன்று அவர்களோடு பஸ்ஸில் திரும்பும்போது, செயலாளர் விட்டுவிட்டதையும் நான் சொன்னதையும் அப்பாவுக்குச் சொன்னேன். தலவாக்கலை தாண்டியதும் சொன்னார்:

“அந்த ஆளு பாட்டுக்குச் சொன்னத அப்படியே விட்டிருக்கலாமே, கண்ணு. எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. ஒன் வேலைதான் போச்சு.”

“நீங்க சொன்னதை நான் சொல்லாம வேற யாருப்பா சொல்றது?”

“அது சரி” என்றார். கொஞ்சம் கழித்து, “எல்லாத்தையும் சொன்னியா? நாயம்னு சொன்னேனே, அதையும்?”

“அதையும்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு இது எதிலும் அக்கறை இல்லை. “அந்தக் கோட்டுப் போட்ட ஆளு எனக்கு நாக்காலிய இழுத்துவிட்டான் பாத்தியா?” என்று கொட்டகலை வரை மூன்று தடவை கேட்டாள்.

தலைமன்னார்

இலங்கை, இந்தியா இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து எங்கள் சனத்தைத் தலைக்கு இத்தனை என்று பங்கு போட்டுக்கொண்ட சமயம் அது. அப்பா யாருடைய பங்கில் வருகிறார் என்று காத்திருக்க விரும்பவில்லை. “வெரட்டுனாங்கன்னு போக வேணாம். நானாப் போனேன்னு இருக்கட்டும்” என்று இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். வந்தது. நான் என் பல்கலைக்கழகத்தில் கூடுதல் லீவு கேட்டு வாங்கி, அவர்களோடு கோச்சியில், அதுதான் ரயிலில், தலைமன்னார் வரை போனேன்.

இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற துறைமுகத்தில் வரிசை. என்னைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். சீமான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி அம்மா என் லண்டன் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். மேசையில் இருந்த இளம் அதிகாரி தமிழர், தலை நிமிராமலே எழுதிக்கொண்டிருந்தார். அப்பாவின் முறை வந்தது.

“எங்கே போறீங்க?”

“திருச்சிப் பக்கமுங்க.”

“பயணத்துக்குக் காரணம்?”

அப்பா யோசித்தார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார்.

“காரணம் ஏதாவது எழுதணும், பெரியவரே. சும்மா விட முடியாது.”

“சொந்த நாட்டுக்குப் போறதா எழுதிக்கங்க, தம்பி” என்றார் அப்பா. “போய்ப் பாத்துட்டு, நெசமான்னு காயிதம் போடறேன்.”